வேறு கம்பெனிக் குடம்

மரகதத்தின் வீட்டுக் குழாய் நின்று மூன்று நாளாயிற்று. உள்ளே மகளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டு நஸீமா தன் குழாயைத் திறந்துவிட்டாள். மரகதத்தின் குடத்தில் விழுந்த தண்ணீர், ஓட்டையே இல்லாத அடிப்பாகத்தின் வழியாக இறங்கித் தரையில் ஓடியது.

நஸீமாவின் குழாய்க் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார். “இது வேற கம்பெனிக் குடம்மா. எங்க தண்ணி எங்க குடத்துலதான் நிக்கும்.”

“என் குடமும் அக்கா வாசலைத் தாண்டினா காலியாயிடுதே?” என்றாள் நஸீமா.

“எல்லா எடத்துலயும் நின்னா எங்களை யாரும்மா தேடுவாங்க?” என்றார் பணிவாக.

மரகதம் குடத்தை வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் குவித்துக் குழாயடியில் நீட்டினாள். தண்ணீர் கைக்குள் நின்றது. சிந்தாமல் தன் வீட்டுக்குள் நடந்தாள்.

கம்பெனிக்காரர் ஆபீசுக்குப் போன் போட்டார்.

“சார், கையில நிக்குது.”