புகாரே வராத வீடு

குடியிருப்புகளைப் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில், புகார்களைக் கைப்பேசியிலேயே பதியும் முறையைக் கொண்டுவந்தவள் ரெஜினா. நான்கு வருடங்களாக ஒரு புகாரும் வராத ஒரே வீடு தணிகாசலத்துடையது. அவரைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுக்க அவளே நேரில் போனாள்.

கதவு திறந்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தின் மேற்கூரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் தொங்கின. சமையலறைக்குள் போட்டிருந்த கட்டிலில் அவர் மனைவி தலையில் கட்டோடு படுத்திருந்தாள்.

"ஏன் சார் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"புகார் சொன்னா வீட்டைக் காலி பண்ணணும்னு உங்க ஆபீஸ்லதாம்மா சொன்னாங்க." சட்டென்று கைகூப்பினார். "நீங்க பார்த்ததா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

ரெஜினா கைப்பேசியை எடுத்து, அந்த வீட்டின் முதல் புகாரைத் தன் பெயரில் பதிந்தாள்.