ஊதா நாக்கு

"ஏட்டி, ஆ காட்டு."

இரண்டு வயசு செண்பகம் வாயைத் திறந்தாள். நாவற்பழம் தின்றது போல நாக்கெல்லாம் ஊதா. குனிந்து பார்த்த வல்லிநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழமாவது, மண்ணாவது! மருந்து வாடையல்லவா அடிக்கிறது!

பிள்ளைக்கு மணல்வாரி அம்மை கண்டு பதினோரு நாள். அம்மன் இறங்கிய வீட்டுக்குள் மருந்து வரக் கூடாது என்பது அவர் வீட்டில் அப்பா காலத்துச் சட்டம். அவர் மனைவி குழல்வாய்மொழி கேட்டால்தானே? முந்தாநாள் டாக்டரிடம் போய் ஒரு குப்பி ஊதா மருந்தோடு வந்து நின்றாள்.

"அம்மை இறங்கிட்டுங்க. அது எளைக்க வச்ச வாயில இப்ப பூஞ்சக்காளான் ஏறிட்டாம். வெள்ள வெள்ளயாப் படிஞ்சு, புள்ள தண்ணி முழுங்க மாட்டாமக் கெடக்கா. இத நாக்குல தடவணுமாம்."

அவர் குப்பியைப் பிடுங்கி, தினமும் தீர்த்தம் விட வரும் பூசாரி நமசிவாயத்திடம் கொடுத்தார். "போற வழியில சித்தாத்துல வீசிரும்."

இப்போது பார்த்தால் இந்த நாக்கு!

"இன்னொரு குப்பிய எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்க?"

"நான் தொடவே இல்லங்க."

"பெறகு அம்மனா வந்து தடவுனா?"

அரிசிப் பானை, அஞ்சறைப் பெட்டி, தலையணை உறை எல்லாவற்றையும் கவிழ்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. நாலு நாளாகப் பட்டினி கிடந்த பிள்ளை காலையில் ஒரு கும்பா கஞ்சி குடித்திருந்தது. அதைப் பார்த்தும் அவர் கோபம் இறங்கவில்லை. கள்ளி, எங்கேதான் வைத்திருக்கிறாளோ!

மஞ்சள் அரைத்த கையும் தீர்த்தச் செம்புமாகப் பூசாரி உள்ளே வந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீரு! இவ சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணட்டும். மாட்டேன்னா இன்னைக்கே ராயகிரிக்கு, அப்பன் வீட்டுக்கு வண்டி ஏத்திருவேன்."

தட்டில் சூடம் எரிந்தது. குழல்வாய்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். அதற்குள் பூசாரியின் கை குறுக்கே வந்து விழுந்து சூடத்தை அணைத்தது.

"ஓய், உம்மையா சத்தியம் பண்ணச் சொன்னேன்?"

பூசாரி துண்டால் கையைத் துடைத்தார். மஞ்சள் போனதும் ஆள்காட்டி விரல் ஊதாவாகத் தெரிந்தது.

"செத்துப்போன எம்மவனுக்கு நான் தீர்த்தம் மட்டுந்தான் விட்டேன், அண்ணாச்சி."