பண்ணைக் குளத்தில் நீராவிப் படகு

"டேய் நீலமேகம்! யாரைக் கேட்டுடா ஐயா குளத்துல இதைக் கொண்டாந்து எறக்குற?"

பண்ணைக் காரியஸ்தர் பஞ்சநதம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வரப்பில் ஓடி வந்தார்.

நீலமேகம் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். கையில் மூன்றடி நீளப் படகு. அதன் வயிற்றுக்குள், தீயைப் பீய்ச்சும் புளோ லேம்ப் உறுமிக்கொண்டிருந்தது.

பண்ணையின் ரைஸ் மில்லில் அவன் இன்ஜின் டிரைவர். படகு விட்டுப் பார்க்க இரண்டு வருஷமாக இந்தக் குளத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவன்.

வாய்க்கால் குறுகல். ஆற்றில் இழுப்பு. கோயில் குளத்தில் எந்நேரமும் யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள். அலையில்லாத அறுபதடி அகலத் தண்ணீர் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான்.

பண்ணையார் ஐயா கும்பகோணம் போயிருக்கிறார் என்று தெரிந்ததும் இன்று துணிந்துவிட்டான்.

இந்தப் படகில் பாய்லர் கிடையாது. பென்சில் பருமனில் ஒரு எஃகுக் குழாய், சுருள் சுருளாக. அதன் நடுவே தீ பாயும். சுருள் சிவந்ததும், விரல் நீளப் பம்பு ஒன்று குளத்துத் தண்ணீரையே மொண்டு அதற்குள் தள்ளும்.

காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிறதல்லவா, அதேதான். தோசைக்கல்லில் ஆவி வீணாகப் போகிறது. இங்கே அதற்கு இன்ஜினைத் தவிர வேறு வழியில்லை.

குளத்தின் நடுவில் ஒரு மூங்கில், அதன் உச்சியில் பேரிங், அதிலிருந்து படகுக்கு ஒரு கம்பி. எவ்வளவு வேகமாக ஓடினாலும் கரையில் மோதாது. வட்டமடிக்கும்.

"நீலமேகமா?"

பஞ்சநதத்துக்குப் பின்னால் ஃபைலும் குடையுமாக வந்த லியாகத் அலி வரப்பிலேயே நின்றார். நிலச் சீர்திருத்த அதிகாரி.

"அவர் பட்டுக்கோட்டைக்குப் போயிருக்கார், வர பத்து நாளாகும்னு ஜீப்புல சொன்னீங்களே?"

பஞ்சநதம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "அப்பா பேரு இளையபெருமாள்தானே? இந்தக் குளமும் சுத்தியிருக்கிற அரை வேலி நஞ்சையும் போன வருஷம் உங்க பேருக்குக் கிரயமாயிருக்கு. உங்களோடதுதானா?"

நீலமேகத்துக்கு விளங்கச் சற்று நேரமானது.

சர்க்கார் நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்துவிட்டது. அதற்கு மேல் இருப்பதை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கச் சட்டம். அதனால் பண்ணைகள் எல்லாம் அவசர அவசரமாகச் சமையல்காரன் பேரிலும் காவல்காரன் பேரிலும் எழுதி வைத்துக்கொண்டிருந்தன. தன் பேரிலும் எழுதியிருப்பார்கள் என்று அவன் நினைத்ததில்லை.

"அவருதுதான் சார்" என்று பஞ்சநதம் முந்திக்கொண்டார். "நீங்க ஓட்டுங்க தம்பி. உங்க குளம், உங்க படகு."

'ங்க' போட்டு அவர் நீலமேகத்திடம் பேசியது அதுவே முதல் தடவை.

"அவரு சொல்லட்டும்" என்றார் அதிகாரி.

சுருள் செக்கச் சிவந்திருந்தது. இனியும் தண்ணீர் போகாவிட்டால் குழாய் வெந்து ஓட்டை விழும்.

"ரெண்டு நிமிஷம் பொறுங்க சார்."

கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி ஓர் இழுப்பு. பம்பு தண்ணீரை மொண்டது. படகு அவன் கையை உதறிக்கொண்டு பாய்ந்தது.

முதல் சுற்றில் முக்கிற்று. இரண்டாவதில் மூக்கைத் தூக்கிற்று. மூன்றாவதில் அடிப்பாகம் தண்ணீரைத் தொடுகிறதா என்றே தெரியவில்லை. கம்பி விண்ணென்று பாடியது.

சுற்றியிருந்த வயலில் கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றும் கையுமாக நிமிர்ந்தார்கள்.

"என்ன டிரைவரே, மில்லையே தண்ணியில எறக்கிட்டியா?" என்று எல்லையம்மாள் கத்தினாள். வயல் முழுக்கச் சிரிப்பு. நீலமேகமும் சிரித்தான்.

முப்பத்தியோரு சுற்று. பிறகு எண்ணெய் தீர்ந்து, மூங்கிலுக்கு அப்பால் புஸ்ஸென்று ஓய்ந்தது.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

பஞ்சநதம் தண்ணீரோரம் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி. தினம் ஓட்டுங்க, யாரு கேக்கப்போறா?"

நீலமேகம் மார்பளவு தண்ணீரில் நடந்துபோனான். கம்பியை அவிழ்த்தான். இன்னும் சூடு ஆறாத படகை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தான்.

வயலில் அந்தப் பெண்கள் மறுபடி குனிந்து நடத் தொடங்கியிருந்தார்கள்.

"படகு மட்டுந்தாங்க சார் என்னுது."