பதினோராவது நிமிஷம்

கணவனின் பைக் சத்தம் கேட்டதும் அவள் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டென்று இடுப்பில் சொருகிக்கொண்டாள். இன்றைக்கு விட்டால் இனிமேல் துணிச்சல் வராது.

"கதவத் தெறக்க இவ்ளோ நேரமாடி?" உள்ளே வந்தவன் ஹெல்மெட்டை அவள் மேலேயே எறிந்தான். தோளில் பட்டு உருண்டது. "போய் லேப்டாப்பப் போடு. உன் கூட்டம் காத்துக்கிட்டிருக்கும்."

ஞாயிறு பதினோரு மணிக்கு அவள் பிறந்த வீட்டோடு வீடியோ கால். லேப்டாப் எட்டு வருஷப் பழசு. பத்து நிமிஷம் பேசினால் ஹேங் ஆகிவிடும். முகங்கள் அப்படியே நிற்கும், இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது.

"மெமரி கம்மி. ஒண்ணு வாங்கிப் போட்டா நல்லா ஓடும்" என்று ரிப்பேர் கடைக்காரர் சொன்னபோது, "இவளுக்கு இது போதும்" என்று தடுத்தவனே இவன்தான்.

ஹேங் ஆகிற வரைக்கும் இவன் தங்கமான மாப்பிள்ளை. அதற்கப்புறம்தான் கை நீளும். இரண்டு தடவை பெரியண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். "இவ்ளோ தன்மையாப் பேசுற மனுஷனப் போய்..." என்று அவர் இவளைத்தான் திட்டினார்.

"வாங்க மாப்ளே!" பெரியண்ணன் திரையில் சிரித்தார். பக்கத்தில் அண்ணி. "உங்க லேப்டாப் தூங்குறதுக்குள்ள பேசி முடிச்சிடணும்."

"ஹா ஹா! அதுக்கும் வயசாயிடுச்சு மச்சான். எங்க, சின்ன மச்சானக் காணோம்?"

"வெளிய போயிருக்கான்."

"பாருங்க, உங்க தங்கச்சி சரியா சாப்பிடவே மாட்டேங்குறா. நீங்களாச்சும் சொல்லுங்க மச்சான்." அவள் முதுகை அவன் ஆசையாகத் தடவிக் கொடுத்தான்.

பதினோராவது நிமிஷம். பெரியண்ணன் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்றார். அண்ணியும் அப்படியே. சத்தமும் நின்றுபோனது.

தடவிக்கொண்டிருந்த கை முடியைப் பிடித்தது.

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க? அவங்களுக்கு சந்தேகம் வரணும்னுதானே?" மேஜை விளிம்பில் அவள் முகத்தை மோதினான். உதடு கிழிந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது. "கேக்குறேன்ல?"

அவள் கையை முறுக்கித் தரையில் தள்ளினான். இடுப்பிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நழுவி 'டிங்'கென்று விழுந்தது.

அவன் ஒரு வினாடி அதையே பார்த்தான். "ஓஹோ. என்னையே குத்தப் பாத்தியா?" பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "இத்தினூண்டு! மூக்குக்கண்ணாடி மாட்டுற சைசு. இத வெச்சு ஒரு கொசுவையாவது குத்துவியாடி?"

விலாவில் ஓர் உதை. இன்னொன்று. அவளுக்கு மூச்சு அடைத்தது. தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். பெரியண்ணனின் கண்ணாடிக்குக் கீழே கன்னம் ஈரமாக இருந்தது.

"அங்க என்ன பார்வை? அண்ணன் வந்து காப்பாத்துவாரா?" பெல்ட்டை உருவினான். "போன மாசம் உன் கைய ஒடச்சேன். பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னேன். நம்புனாரா இல்லையா? நாளைக்கு மாடியில இருந்து தள்ளிவிட்டுட்டு, கால் தவறிட்டான்னு சொன்னாலும் நம்புவாரு. எனக்கே ஆறுதல் சொல்லுவாரு, உங்க அண்ணன்!"

பெல்ட் இரண்டு தடவை இறங்கியது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது காலிங் பெல் அடித்தது.

அவன் சட்டையைச் சரிசெய்து, தலையைக் கோதி, முகத்தில் பழைய சிரிப்பை மாட்டிக்கொண்டான். "ரத்தத்தத் தொடச்சுக்கிட்டு எந்திரி. வாயத் தெறந்த, அவ்ளோதான்."

"வாயத் தெறக்க வேணாம் மாப்ளே. கதவத் தெறங்க."

அவன் திரும்பினான். திரையில் பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஹேங் ஆகல. இவ கெஞ்சிக் கேட்டான்னு மைக்க அணைச்சுட்டு அசையாம உக்காந்திருந்தோம். வாசல்ல சின்னவன் நிக்கிறான், போலீஸோட."

பெல்ட் அவன் கையிலிருந்து நழுவியது. லேப்டாப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். குனிந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"இது உங்களக் குத்துறதுக்கு இல்லைங்க. மெமரி போடுறதுக்கு."