கோதுமை படாத கிண்ணம்

"அக்கா, கோதுமை துளிகூடச் சேராம, மொறுமொறுன்னு பால்ல போட்டுச் சாப்பிடற மாதிரி ஏதாவது செய்யத் தெரியுமா?"

கதவைத் திறந்த தையல்காரி, உதட்டில் பிடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டுக் கேட்டவனை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பஸ் டிரைவர். வெந்நீர் வைக்கவே சோம்பல்படுகிறவன். பணிமனை வாசலில் ஒரு டீ, ரெண்டு பன். அதோடு அவன் காலைச் சாப்பாடு முடிந்துவிடும்.

கடையில்தான் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்களே என்றாள். எல்லா டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டானாம். சோளத்தில் செய்தது என்று போட்டிருந்தாலும் சுவைக்காக பார்லி மால்ட் சேர்க்கிறார்களாம். பார்லியும் ஆகாதாம். ஓட்ஸ் என்றால், கோதுமை அரைத்த மில்லிலேயே அதையும் அரைத்திருப்பார்களாம். அதனால் வீட்டிலேயே செய்துவிடுவது என்று முடிவு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் தயாராக வேண்டும்.

"யாருக்குப்பா?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றான், செருப்பைப் பார்த்தபடி.

அந்த ஒரு வார்த்தை போதும், தையல்காரிக்கு வேலை ஓடவில்லை. ஒரு ரவிக்கைக்குக் கையை மாற்றித் தைத்துப் பிரித்தாள்.

அவனுக்கென்று தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? கூடப்பிறந்தவர்கள் கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன் மனைவி பிரிந்து போனாள். மறு வருஷமே வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் இவன் எழுந்து போய்விடுவான். அம்மாவிடம் வளரும் மகள், பதினொரு வயதுக்காரி, மாதம் ஒரு தடவை காலையில் வந்து இருட்டுவதற்குள் திரும்பிப் போவாள். அவளுக்கும் கோதுமைக்கும் எந்தப் பகையும் இல்லை. போன தடவைகூட அப்பா வாங்கி வந்த பன்களில் மூன்றை நின்றபடியே தின்றவள் அவள்.

அப்படியானால் புதிதாக ஒருத்தி வரப்போகிறாள். தையல்காரி தனக்குள் முடிவு கட்டினாள். நல்லதுதானே, எத்தனை நாளைக்கு மனுஷன் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்? உதவுகிற சாக்கில் விஷயத்தைக் கறந்துவிடலாம் என்று தன் சல்லடையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

சல்லடையை வாசலிலேயே வைத்துவிடச் சொன்னான்.

"ஏன், என் சல்லடை அவ்வளவு அழுக்காவா இருக்கு?"

"அழுக்கு இல்லக்கா, கோதுமை. கண்ணுக்குத் தெரியாத பொடி ஒட்டியிருந்தாலும் போச்சு. ஒரு வாரம் வயித்துவலியில சுருண்டு படுத்துடுவாங்க."

அடுக்களையைப் பார்த்தவள் அசந்துபோனாள். புது மிக்ஸி, புது ஓவன், புதுத் தட்டு, புதுக் கரண்டி. மேடையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தான். மில்லில் கொடுக்கக்கூடாது என்று அரிசியையும் சோளத்தையும் கழுவிக் காயவைத்துத் தானே அரைத்திருந்தான். பஸ்ஸில் ஏற யாராவது கொஞ்சம் தாமதித்தாலே சிடுசிடுக்கிற ஆளா இது?

மாவில் தேன், எண்ணெய், சிட்டிகை உப்பு சேர்த்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பிச் சுட்டார்கள். முதல் நாள் கருகிப்போனது. இரண்டாம் நாள் செருப்புத்தோல் மாதிரி இழுத்தது. அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. துணிக்குக் கஞ்சி போட்டால் காயவிட வேண்டாமா என்று தையல்காரிக்குத் தோன்றியது. பாதி சுட்டதை எடுத்து, ஆறவைத்து, சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, குறைந்த சூட்டில் மறுபடி வைக்கச் சொன்னாள். மூன்றாம் நாள் துண்டுகள் தட்டில் கலகலவென்று உருண்டன. பாலில் போட்டு இருவரும் காதைக் கிண்ணத்தருகே கொண்டுபோய்க் கேட்டார்கள். ஐந்து நிமிஷம் ஆகியும் நமுத்துப்போகவில்லை.

அவன் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இப்பவாவது சொல்லு. பொண்ணு எந்த ஊரு? என்ன வேலை?"

"எந்தப் பொண்ணு?" என்று விழித்தவன், திராட்சை கழுவப் போய்விட்டான். பிடி கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தையல்காரியால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வேண்டும் என்று ஒரு பொய்யோடு கதவைத் தட்டினாள். உள்ளே எட்டிப் பார்த்தவள் நாடாவைக் கீழே போட்டுவிட்டாள். புடவையோ வளையலோ எதுவும் கண்ணில் படவில்லை. மேஜையில் அவன் மகள், தூக்கம் கலையாத முகத்தோடு, இரவு உடையிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் முன்பல் விழுந்த ஐந்து வயதுக் குட்டி ஒன்று, கடைவாயால் கடகடவென்று மென்றுகொண்டிருந்தது.

குட்டி காலிக் கிண்ணத்தை நீட்டியது.

"பெரியப்பா, இன்னும் கொஞ்சம்."

தையல்காரி அவனைச் சமையலறைக்குள் இழுத்தாள். "உனக்குத் தம்பி யாரும் கிடையாதே. உன்னைப் பெரியப்பான்னு கூப்பிட இது யாரு பெத்த பிள்ளை?"

அவன் டப்பாவின் மூடியைத் திறந்து, சிந்தாமல் கிண்ணத்தை நிரப்பினான்.

"என்னை விட்டுப் போனவ பெத்த பிள்ளைதான்க்கா. தங்கச்சி இல்லாம ஒரு ராத்திரிகூட இங்க தங்க மாட்டேன்னு என் பொண்ணு சொல்லிட்டா."