கடலுக்குள் ஒரு புள்ளி

கடலுக்குள் புள்ளி வைத்தால் மதிப்பெண் கிடையாது என்று எச்சரித்துவிட்டுத்தான் புவியியல் ஆசிரியர் தனராஜ் வரைபடத் தாளைக் கொடுத்தார். மலையடிவாரத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டிய பிறகு இந்த ஊர்க் கரையைக் கடல் எவ்வளவு தின்றது என்பது அன்றைய பாடம். இந்த ஆண்டுச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கரைக்கோட்டை அவரே வரைந்திருந்தார். பிள்ளைகள் அவரவர் வீட்டைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான்.

டெல்பினாவின் புள்ளி கடலுக்குள் இருந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல விழலையா?" சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறியின் முதல் கோட்டை இழுத்தார்.

"எங்க வீடு அங்கதான் சாரே. இப்ப நாங்க கல்யாண மண்டபத்துல கெடக்கோம்."

"அப்போ மண்டபத்தைக் குறிச்சிருக்கலாமே?"

"அது வீடில்லல்லா?" என்றாள். "அப்பா தொழிலுக்குப் போவும்போ, வள்ளம் அந்த எடத்துக்கு வந்ததும் இஞ்சின அணச்சிருவாரு. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுதான் மறுபடி ஓட்டுவாரு."

இரண்டாவது கோட்டுக்குப் பேனாவைத் தூக்கினார். ஜன்னலுக்கு வெளியே, கடலில் தடதடத்துப் போய்க்கொண்டிருந்த ஒரு வள்ளத்தின் சத்தம் சட்டென்று நின்றது.