காதோரம் ஒட்டிய நாயுருவி

செவலை ஆட்டின் குட்டியைச் சந்தைக்கு ஓட்டிப்போன மறுநாள், தனியாக மேய்ந்துகொண்டிருந்த அதன் காதோரம் ஒரு நாயுருவி விதை வந்து ஒட்டிக்கொண்டது.

“கண்ணு, உன்னைப் பார்த்ததுமே முடிவு பண்ணிட்டேன். செத்தாலும் உன்னை விட்டுப் போகமாட்டேன்” என்றது.

செவலைக்கு உள்ளம் குளிர்ந்துதான் போயிற்று. ஆனாலும் ஏதோ உறுத்தியது. “என்கிட்டே எதைக் கண்டு இவ்வளவு பிரியம்?” என்று கேட்டது.

“உன் முடி இருக்கே, அடடா!”

“முடி எல்லா ஆட்டுக்கும்தானே இருக்கு?”

“எதுக்கெடுத்தாலும் சந்தேகமா? அன்பு இருந்தா இப்படிக் கேட்பியா?” என்று விதை கோபித்துக்கொண்டது. குட்டியைப் போல அதுவும் போய்விடுமோ என்ற பயத்தில் செவலை, காது அரித்தபோதும் மரத்தில் உரசாமல் மூன்று நாள் பொறுத்துக்கொண்டது.

நான்காம் நாள், பட்டிக்குள் நுழையும் நெரிசலில் வெள்ளச்சி என்ற ஆடு செவலையை உரசிக்கொண்டு முன்னே போயிற்று. அரிப்பு சட்டென்று நின்றது. வெள்ளச்சியின் முதுகிலிருந்து பழகிய குரல் கேட்டது: “கண்ணு, உன்னைப் பார்த்ததுமே முடிவு பண்ணிட்டேன்...”

“அப்பாடா, தப்பிச்சேன்!” என்று செவலை பெருமூச்சு விட்டது.

மறுநாள் மேய்ச்சலில் அதன் கால்கள் தாமாகவே நாயுருவிப் புதர்ப் பக்கம் திரும்பின. “அங்கே என்னடி வேலை உனக்கு?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பாதி வழியில் அப்படியே நின்றது.